துவர் என்னும் நிறம்: சோலேயில் இடும் தேயிலை

புனேயின் அம்ருத்துல்யக் கடைகளில் தேயிலை பருகப்படுகிறது. அந்நகரின் மாணவர் அறைகளிலும் உணவகங்களிலும் அதுவே சமையலுக்கும் உதவுகிறது. முந்தின இரவு ஊறவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலையோடு, மெல்லிய துணியில் முடிந்த சிறிதளவு தேயிலைத் தூளையும் குக்கரில் இட்டு வேகவைப்பர். வெந்தபின் முடிச்சை எடுத்து எறிந்துவிடுவர். வடக்கிலிருந்து வந்த சோலே கரும்பழுப்பு நிறம் பெறுவது இவ்வாறே. பர்மியர் தேயிலையைப் புளிக்கவைத்து, 'லபெட்' என்ற பெயரில் இலையையே உண்பர். புனேயின் சோலேயிலோ இலை தட்டுவரை வருவதில்லை. அது விட்டுச்செல்வது சாயமும் சிறு துவர்ப்பும் மட்டுமே.

சுவைக்கும் சாயத்துக்கும் உள்ள இவ்வுறவைத் தமிழ்ச் சொல்லே உணர்த்திவிடுகிறது. 'துவர்' என்பது நாக்கு அறியும் சுவை. கண் அறியும் செந்நிறமும் அதுவே. துறவியரின் காவி உடை 'துவராடை' எனப்பட்டது. கலம்காரிக் கலைஞர் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, அதன்மேல் இரும்புக் கரைசலால் வரைவர், கோடு கறுக்கும். துவர்ப்புக்குக் காரணமான டானின் இரும்பைப் பற்றிக்கொள்வதால் எழும் கருமை அது.

சோலேயைக் கறுக்கவைக்க வேறொரு முறையும் உண்டு. இரும்புச் சட்டியில் நெல்லிவற்றலைச் சேர்த்துச் சமைப்பர். நெல்லியின் துவரும் சட்டியின் இரும்பும் கலந்து கருமை தருகின்றன. புளிப்பு சட்டியிலிருந்து சிறிது இரும்பை உணவுக்குள் இறக்கியும் விடுகிறது. அலுமினியக் குக்கரில் இட்ட தேயிலை முடிச்சு அந்த நிறத்தை எளிதில் போலச்செய்கிறது. ஆனால் அங்கே புதிதாக இரும்பு சேர்வதில்லை. இறங்கும் துவர்ப்பொருளோ கடலையில் ஏற்கெனவே உள்ள இரும்பைப் பற்றும் இயல்புடையது. தாவர உணவின் இரும்பைக் குடல் உறிஞ்சாதபடி தேயிலைத் துவர் தடுப்பது ஊட்டச்சத்தியல் நன்கறிந்த செய்தி.

இது வெறும் நிறத்தைப் பற்றிய நுணுக்கம் அன்று. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். புலால் உண்ணாத விடுதி மாணவிக்குக் கொண்டைக்கடலை இரும்பின் முக்கிய வாயில்களுள் ஒன்று. அந்த வாயிலில் தேயிலை இருமுறை குறுக்கிடுகிறது: குக்கரில் முடிச்சாக ஒருமுறை, உணவு முடிந்த கையோடு பருகும் கோப்பையாக மறுமுறை. இரண்டாவதே பெரிய தடை.

இதற்காகச் சோலேயையோ தேநீரையோ கைவிட வேண்டியதில்லை. உண்ணும் வேளையில் பிழியும் எலுமிச்சை, அதன் வைட்டமின் சி வழியே இரும்பை உறிஞ்சத் துணைசெய்யும். தேநீரை ஒரு மணிநேரம் தள்ளிவைக்கலாம். கருமைதான் வேண்டுமெனில், அடுக்களை மூலையில் கிடக்கும் இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றலாம். இரு சோலேயும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றலாம்; உண்பவரின் குருதிக்கு அவை ஒன்றல்ல.