யந்திரத்தின் மூச்சு

எந்த மோட்டார் யந்திரத்திலும் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து சிறிது வாயு கிராங்கேஸினுட் கசிந்தே தீரும். அதற்குப் போக்கிடம் இல்லையேல் உள்ளழுத்தம் மிகுந்து எண்ணெய் சீல்களின் வழியே பிதுங்கும். டர்போவினின்று எண்ணெய் வடிவதுந் தடைப்பட்டு வண்டி புகை கக்கும். சாதாரணப் பெட்ரோல் காரில் காற்றை உறிஞ்சும் குழாயின் வெற்றிடமே அவ்வாயுவை இழுத்துக்கொள்ளும். டர்போ ஓங்கி உழைக்குங்கால் அக்குழாயில் அழுத்தம் ஏறுமாதலின், வால்வு அவ்வழியை அடைத்துவிடும். வாயு டர்போவின் முகப்புக்கே செல்லவேண்டும். உடன் செல்லும் எண்ணெய்த் துளிகள் இன்டர்கூலரிற் படியும். எனது காரிலும் அவ்வாறே படிந்திருந்தது.

“பிரீதர் குழாயைக் கழற்றித் தரையை நோக்கி விட்டுவிடலாம், ஐயா, செலவில்லை” என்றார் மெக்கானிக். இன்டர்கூலருக்கு அது நலமே. ஆயின் யான் வசிப்பது திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையோரம். 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடப்போர் மீதன்றோ அவ்வாவி வீசும்! 2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பி.எஸ். 6 விதிகளும் அதற்கு இடங்கொடா.

ஆகவே இடையில் ‘கேட்ச் கேன்’ என்னும் எண்ணெய் பிடிக்கும் டப்பாவொன்றை இணைத்து, குழாயை மீண்டும் டர்போவின் முகப்பிலேயே சேர்ப்பித்தேன். உள்ளே கம்பிவலை இல்லாத வெறும் டப்பா வீண். கடைகளில் அதுவே மலிவு. மார்கழியில் முதன்முறை வடித்தபோது, நீருங் கலந்து மோர் நிறத்தில் அரைக் கிண்ணம் இறங்கிற்று.