மஞ்சள் அட்டை ஏடு

சினிமா என்ற சொல்லைக் கேட்டாலே முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். பிரெஞ்சுத் திரைப்பட ஏடொன்றைப் பற்றி நாம் எழுதப் புகுவது வாசக நேயர்களுக்கு வியப்பளிக்கலாம். படங்களை நாம் அதிகம் பார்த்ததில்லை. அவ்வேட்டின் வரலாறு மட்டும் நம் நெஞ்சை விட்டு அகலுவதாயில்லை.

1951 ஏப்ரலில் பாரிஸ் நகரில் மஞ்சள் அட்டையுடன் வெளிவந்தது ‘கயே து சினிமா’. ‘சினிமாக் குறிப்பேடுகள்’ என்பது பொருள். தொடங்கியவர்களுள் ஒருவர் ஆந்த்ரே பஸான். சிறார் சீர்திருத்த இல்லத்திலும், பின்னர் இராணுவச் சிறையிலும் கிடந்த த்ரூஃபோ என்னும் இளைஞரை மீட்டு, தம் இல்லத்திலேயே இடமளித்தவர் அவர். அவ்விளைஞர் 21 வயதில் எழுதிய கட்டுரை, பிரான்சின் புகழ்பெற்ற திரைக்கதாசிரியர்களைக் கடுமையாகச் சாடியது. பஸான் தயங்கினார், ஆயினும் 1954 ஜனவரி இதழில் அது வெளிவந்தது.

படத்தின் கர்த்தா இயக்குநரே என்று த்ரூஃபோ, கோதார் முதலிய இளைஞர்கள் வாதிட்டனர். வாதம் வரம்பு மீறுவதாகப் பஸானுக்குப் பட்டது. அவர்களுடைய எழுத்தை அவர் நிறுத்தினாரில்லை. 1957 ஏப்ரலில் தம் மறுப்பை அதே ஏட்டில் எழுதினார், அவ்வளவே. மறு ஆண்டு நவம்பரில் த்ரூஃபோ தம் முதல் நெடும்படத்தைத் தொடங்கினார். படப்பிடிப்புத் தொடங்கிய அன்றிரவே பஸான் மறைந்தார். வயது 40. படம் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

பின்னர் ஏடு பல கை மாறியது. 2020இல் அதை வாங்கிய இருபதின்மருள் எண்மர் படத் தயாரிப்பாளர்கள். அவர்கள் காசில் அவர்கள் படத்தை விமர்சிப்பது எங்ஙனம் என்று கேட்டு, ஆசிரியர் குழுவினர் ஒருசேர விலகினர். புதிய குழுவினரைக் கொண்டு ஏடு இன்றும் வெளிவருகிறது.

இளமையில் நண்பர்களுடன் கூடி நாமும் ஒரு சிற்றேடு நடத்தினோம். காகிதக் கடைப் பாக்கி கழுத்தை நெரித்தது. ஊர்த் தனவந்தர் ஒருவர் கடனைத் தீர்க்க முன்வந்தார். வக்ஃபு நிலக் குத்தகையைப் பற்றி ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருந்த கட்டுரை வர வேண்டாம் என்பது மட்டுமே அவர் கேட்டது. நாம் இசைந்தோம். கட்டுரை என்னவாயிற்று என்று மாணவர் நேரில் வந்து கேட்டபோது, தேநீர் கொடுத்து, பக்கம் போதவில்லை என்று சொல்லியனுப்பினோம். ஏடு அதன்பின் மூன்று இதழ்கள் வந்தது. அம்மாணவரின் பெயரை எந்த ஏட்டிலும் நாம் பிறகு கண்டதில்லை.