வைராக்கியமா, வியாதியா?

செஞ்சிக்கோட்டை பார்க்க வருகிறவர்கள் ராஜகிரியில் ஏறி இளைத்துப் போய் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அருகிலுள்ள திருநாதர் குன்றுக்குச் செல்வோர் சிலரே. அங்கே ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைக் கூறும் பழங்கல்வெட்டும் உண்டு. 57 நாள் பசியை எதிர்த்து நிற்பதற்கு எத்தகைய மனத்திண்மை வேண்டும்!

அதே பயணத்தில் மேல்சித்தாமூருக்கும் சென்றோம். தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடமும் பார்சுவநாதர் ஆலயமும் விளங்கும் ஊர் அது. அங்கே நமக்குப் பழக்கமான நயினார் ஒருவர் இருக்கிறார். வயது எண்பதுக்கு மேல். ஒரு காலத்தில் மல்லாட்டைக் கொல்லையில் நின்று அவர் போடும் அதட்டல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். (மணிலாக் கொட்டைக்கு அந்தச் சீமையில் மல்லாட்டை என்று பெயர்.) தேர்த் திருவிழாவில் வடத்தை விட்டு அகலமாட்டார். அப்படிப்பட்டவர் திண்ணையில் உட்கார வைத்தால் உட்கார்ந்தபடியே இருக்கிறார். பேரன் வந்தாலும் சரி, பசு கன்று ஈன்றாலும் சரி, முகத்தில் சலனமில்லை. அல்ஸைமர் நோய் என்று வைத்தியர் சொல்லி இரண்டு வருஷமாயிற்றாம்.

"மாமாவுக்குப் பற்றெல்லாம் அற்றுவிட்டது, வீட்டிலேயே முனிவராகிவிட்டார்" என்றாள் மூத்த மருமகள், பெருமையுடன். "எல்லாம் அழுத்தம்! வேண்டுமென்றே செய்கிறார்" என்று முணுமுணுத்தாள், இரவு பகலாய்ப் பணிவிடை செய்யும் இளையவள்.

இருவர் கூற்றும் சரியன்று என்பது நமது அபிப்பிராயம். ஆசையுள்ளவன் அதை அடக்குவதல்லவா துறவு? ஆசை எழும் ஊற்றே அடைபட்டுப் போனவருக்குத் துறப்பதற்கு என்ன இருக்கிறது? அழுத்தம் பிடிப்பதற்குங்கூட ஓர் எழுச்சி வேண்டுமே!

1954-ஆம் ஆண்டில் மான்ட்ரீல் நகரில் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் இருவர் எலியின் மூளையில் மெல்லிய கம்பியைப் பொருத்தினார்கள். ஒரு விசையை அழுத்தினால் அங்கே மின்சாரம் பாயும். எலி ஓயாமல் விசையை அழுத்திற்று. 'இன்பத்தின் ஸ்தானம் கண்டோம்' என்று உலகம் கொண்டாடியது. பின்னால் பெரிட்ஜ் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். டோபமைன் என்னும் மூளை ரசாயனம் அற்றுப்போன எலி எதிரிலுள்ள உணவைத் தேடிப் போவதில்லை, பட்டினியே கிடக்கும். ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் முன்போலவே சப்புக்கொட்டிச் சுவைக்கிறது! ருசிப்பது வேறு; நாடுவது வேறு.

நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதிக்கும் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகளுக்கும் இடையே ஒரு பாதை உண்டு. இன்ன காரியத்தால் என்ன பலன், அதற்கு எவ்வளவு பாடு என்று எடைபோட்டு உடம்பைக் கிளப்பிவிடுவது அதுதான். நோயினால் அது பழுதாகும்போது பாடு மலையாகவும் பலன் கடுகாகவும் ஆகிவிடுகின்றன. மனச்சோர்வு கண்டவர் உள்ளே துயரப்படுவார். இத்தகையவரிடம் பெரும்பாலும் அந்தத் துயரமும் காண்பதில்லை.

இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர், மறதி நோயுடையவர்கள் என்று 2023-இல் வெளியான ஒரு கணிப்பு கூறுகிறது. அல்ஸைமர் நோயாளிகளிடம் மிகச் சாதாரணமாகக் காணும் மாறுதல்களில் இந்த அசிரத்தையும் ஒன்று. கூச்சல் போடுகிறவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்கிறோம். சும்மா இருப்பவரைச் சமர்த்து என்று விட்டுவிடுகிறோம். மருந்து உண்டா என்று கேட்பீர்கள். மெதில்ஃபெனிடேட் என்பதை 200 பேரைக் கொண்டு ஆறு மாதம் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓரளவு பலன் தெரிந்தது, ஓரளவுதான்.

"குளிக்கிறீர்களா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றே பதில் வரும். கேளாமல் துண்டைக் கையில் கொடுத்துக் கூடவே நடந்தால் நடப்பார். தொடக்கத்தை நாம் கொடுக்கவேண்டும் என்பதே விஷயம். இதை இளைய மருமகளிடம் சொன்னோம். அவள் ஒரு முறத்தில் மல்லாட்டையைக் கொண்டுவந்து வைத்து, நாலைந்தை உடைத்துக் காட்டி, அடுத்ததை அவர் கையில் வைத்தாள். பெரியவர் உடைத்தார்; பிறகு தாமாகவே இன்னொன்றை எடுத்தார். அவள் கை ஓய்ந்ததும் அவர் கையும் ஓய்ந்தது.

"அப்படியானால் இதற்கும் நானேதான் கூட உட்கார வேண்டுமா?" என்று அவள் கேட்டாள்.

நியாயமான கேள்வி. அவ்வீட்டில் தடித்தடியாய் இரண்டு பிள்ளைகள் உண்டு. இருவரும் அச்சமயம் மடத்து வாசலில் ஊர் நியாயம் பேசிக்கொண்டிருந்தார்கள்.