ஷூவில் ஒரு ஓட்டை

விடிகாலை நாலு மணி. தூத்துக்குடி முத்தையாபுரம். திருச்செந்தூர் ரோட்டு டீக்கடை வாசலில் ஒரு குட்டியானை. பின்தட்டில் பதினோரு பெண்கள், பதினோரு தூக்குவாளிகள். பன்னிரண்டாவதாக ஒருத்தி ஏறுகிறாள்.

தோளில் துணிப்பை. முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை எதுவும் தொங்கவில்லை.

"எந்தப் பேப்பரும்மா?"

"எந்தப் பேப்பரும் இல்ல ஆச்சி. எழுதி அனுப்புவேன். போட்டா காசு வரும்."

"போடலேன்னா?"

"வேற எடத்துக்கு அனுப்புவேன்."

ஆச்சி தூக்குவாளியை மடிமேல் எடுத்து வைக்கிறாள். ஒரு சாண் இடம் கிடைக்கிறது.

உப்பளம். இருட்டிலும் பாத்திகள் வெளுப்பாகத் தெரிகின்றன. எங்கோ மோட்டார் ஓடுகிறது. நிலத்தடி உவர்நீர் தெப்பத்தில் ஏறி, பல நாள் வெயிலில் கனத்து, பாத்திக்கு வருகிறது. ஆண்கள் வாருபலகையால் இழுக்கிறார்கள். உப்பு சரசரக்கிறது. வரப்போரம் குவிகிறது.

பெண்கள் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைக்கிறார்கள். கூடை தலைக்கு ஏறுகிறது. தட்டுமேடுவரை நடை. கொட்டுகிறார்கள். வெறுங்கூடையோடு திரும்புகிறார்கள். மறுபடி கூடை ஏறுகிறது.

துணிப்பைக்காரி வரப்பில் உட்கார்ந்திருக்கிறாள். எதுவும் கேட்கவில்லை. ஆச்சியின் நடை ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு. நாலு கோடு நின்றால், குறுக்கே ஐந்தாவது. பொழுது விடிகிறது. 43-வது நடையில் ஆச்சியின் கால் சறுக்குகிறது. பேனா நிற்கிறது. கூடை சாயவில்லை. ஆச்சி நடக்கிறாள். கோடு விழுகிறது.

எட்டு மணிக்கே கண் கூசுகிறது. மேலே வெயில், கீழே உப்பு. ஆச்சி துண்டை நெற்றிவரை இறக்கிவிடுகிறாள். நோட்டின் வெள்ளைத் தாளையும் பார்க்க முடியவில்லை. நோட்டு பைக்குள் போகிறது. பையில் ஏற்கெனவே ஒரு புத்தகம் இருக்கிறது. 'கரிப்பு மணிகள்.' ராஜம் கிருஷ்ணன் இதே தூத்துக்குடி உப்பளத்து மக்களை வைத்து எழுதிய நாவல். மூலைகள் மடிந்திருக்கின்றன. பக்க ஓரங்களில் பென்சில் குறிப்புகள்.

பத்து மணி. உடைமரத்து நிழல். ஆச்சி கால் நீட்டுகிறாள். கிழிந்த காலுறை. அதன்மேல் ரப்பர் ஷூ. குதிகால் பக்கம் ஒரு ஓட்டை. தேய்ந்து விழுந்த ஓட்டை இல்லை. கத்தியால் வெட்டியது, வட்டமாக.

"இது எதுக்கு ஆச்சி?"

"உள்ள போன தண்ணி வெளிய வரணும்லா."

"நீங்களே வெட்டுனதா?"

ஆச்சி பக்கத்துப் பெண்ணைப் பார்க்கிறாள். "வாரவ எல்லாம் சம்பளம் எம்புட்டுன்னு கேப்பாவ. இவ ஓட்டயக் கேக்கா."

நோட்டு மறுபடி வெளியே வருகிறது. ஷூ தாளில் இறங்குகிறது. எந்தக் காலுக்கு எந்தப் பக்கம் ஓட்டை என்று இரண்டு முறை சரிபார்க்கிறாள்.

மழைக்காலப் பேச்சு வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பாத்தியெல்லாம் வெள்ளம். வேலை இல்லை. அந்த மாதங்களுக்கென்று அரசு தருகிற நிவாரணம் 5,000 ரூபாய். 2022-ல் தொடங்கியது. ஆச்சி விரல் மடக்குகிறாள். அரிசி. பேத்தி டியூஷன். அடகுக்கடை வட்டி. மூன்றாவது விரலோடு கை மடியில் இறங்குகிறது. நாலாவது என்ன என்று துணிப்பைக்காரி கேட்கவில்லை. காத்திருக்கிறாள். தூரத்தில் வாருபலகை சரசரக்கிறது.

"கண்ணு ஆப்பரேசன்," என்கிறாள் ஆச்சி, வெகுநேரம் கழித்து.

அது நோட்டில் ஏறுகிறது.

"என்னத்த எழுதுன? வாசி பாப்போம்."

வாசிக்கிறாள். குட்டியானை. சும்மாடு. 43-வது நடை. பெண்கள் சாப்பிடுவதை நிறுத்திக் கேட்கிறார்கள். ஷூ. பழைய சோறு, சின்ன வெங்காயம்.

"வெங்காயம் அவளுக்கு." ஆச்சி தாடையால் காட்டுகிறாள். "எனக்குத் தொவையலு." தூக்குவாளி மூடியைத் திருப்பி நீட்டுகிறாள். ஓரத்தில் துவையல் ஒட்டியிருக்கிறது.

பேனா வெங்காயத்தை அடிக்கிறது.

"என்ன தொவையல் ஆச்சி?"