அளவறிந்த பசி

ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் தொழிலுக்கு உதவும் நொதியைச் சுரப்பது எது? அந்நொதிக்கு எங்கே வேலை இருக்கிறதோ அங்கே தேடுவதே வழக்கம். புரதத்தைச் செரிக்கும் நொதி வேண்டியிருந்தது எங்களுக்கு. ஆகவே பாலாற்றங்கரையில், தோல் பதனிடும் ஆலையொன்றின் பின்புறத்தில், மயிரும் சதைத் துணுக்குகளும் மக்கிக் கிடந்த மண்ணை அள்ளிவந்தோம்.

தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பையும் சோடியம் சல்ஃபைடையும் பயன்படுத்துகிறார்கள். மயிர் கூழாகிக் கழிவுநீரில் கலக்கிறது. வேலூர் வட்டாரத்தில் தோல் ஆலைகளால் நீரும் நிலமும் கெட்டதை 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே பதிவுசெய்திருக்கிறது. மயிர்க்காலைச் சுற்றியுள்ள புரதங்களை நொதி செரித்துவிட்டால் மயிர் கரையாமல் முழுதாகவே கழன்றுவிடும். சல்ஃபைடின் தேவையும் வெகுவாகக் குறையும்.

மண்ணை நுண்ணுயிர் நீக்கிய நீரில் கலக்கி, ஒவ்வொரு முறையும் பத்து மடங்காக, ஆறு முறை நீர்த்தோம். கொழுப்பு நீக்கிய பால் சேர்த்த அகர்த் தட்டுகளில் அதைப் பரப்பினோம். மறுநாள், வெண்ணிறத் தட்டில் சில புள்ளிகளைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டங்கள் தெரிந்தன. அங்கே பாலின் புரதம் செரிக்கப்பட்டிருந்தது.

ஆனால் வட்டத்தின் அகலம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. ஆட்டுத்தோலில் சோதித்தபோது, மிக அகன்ற வட்டமிட்ட பாக்டீரியாவின் நொதி மயிரோடு தோலின் மேற்பரப்பையும் அரித்தது. தோலுக்கு வலுத் தரும் கொலாஜனும் புரதம்தானே! நடுத்தர வட்டமிட்டிருந்த பேசில்லஸ் ஒன்றின் நொதியே மயிரை விடுவித்துக் கொலாஜனைத் தொடாமல் விட்டது. பெரும்பசி கொண்டதை விடுத்து, அளவறிந்து உண்பதைத் தேர்ந்தோம்.

அது ஆலைக்குள் நுழைவது எளிதன்று. நொதிக்கு வெப்பமும் காரத்தன்மையும் நேரமும் பிசகக்கூடாது. பிசகினால் தோல் பாழாகும். சுண்ணாம்போ மலிவு, பழகிய பொருளும்கூட. அம்மலிவுக் கணக்கில் ஆற்றின் விலை சேர்வதில்லை.

எனினும் இத்தொழில் மாறாததன்று. சுண்ணாம்பிட்ட தோலை மென்மையாக்க ஒருகாலத்தில் நாயின் மலத்தையும் பறவைகளின் எச்சத்தையும் பயன்படுத்தினார்கள். 1907 வாக்கில் ஜெர்மனியின் ஓட்டோ ரோம், கணையத்திலிருந்து பெற்ற நொதியே அதற்குப் போதுமென்று காட்டினார். இன்று அந்தக் கட்டத்தில் நொதியைப் பயன்படுத்துவது யாருக்கும் புதுமையாகத் தோன்றுவதில்லை. மயிர் நீக்கும் தொட்டிக்கும் அப்படியொரு நாள் வரும் என்று நம்புகிறோம். பாலாறு அதுவரை காத்திருக்குமா என்பதே எங்கள் கவலை.