வசனமும் கடிதமும்

விவிலிய வசனங்களுக்கு எண் போட்டவர் தீர்க்கதரிசியோ அப்போஸ்தலரோ அல்ல. ராபர்ட் எத்தியேன் என்ற ஓர் அச்சுக்காரர். 1551இல் ஜெனிவாவில் அவர் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில்தான் இன்று புழங்கும் வசன எண்கள் தோன்றின. பழைய ஏற்பாட்டுக்கும் அவரே சில ஆண்டுகளில் போட்டார். வசனம் எங்கே முடிகிறது என்பதை எபிரேயப் பிரதியாளர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே குறித்து வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் எண் வேறு காரியம். எண் விழுந்ததும் ஒரு வாக்கியத்துக்கு முகவரி கிடைத்துவிடுகிறது, அதைத் தனியே வரவழைக்க முடிகிறது. தேடுவதற்காகப் போட்டது பிய்ப்பதற்கும் வசதியாகிவிட்டது.

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இந்தப் பிய்த்தல் முழுமை பெறுவது வாக்குத்தத்த அட்டையில். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஆளுக்கொன்று எடுக்கிறார்கள். வந்த வசனம் அவ்வருஷத்துக்கான தேவவாக்கு. பீரோ கண்ணாடியிலோ வேதப்புத்தகத்தின் உள்ளட்டையிலோ அது வருஷம் முழுக்க இருக்கும். சாபமும் கண்டனமும் கொண்ட வசனங்கள் தட்டில் வருவதில்லை. அச்சகத்திலேயே தேர்வு முடிந்துவிடுகிறது. குலுக்கலில் கடவுளுக்கு விட்டுவைத்திருப்பது சொற்பம்தான்.

இதை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. திருமுறை ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்த மரபு நம்மிடையே உண்டு. மெய்கண்டாரின் பெற்றோர் பிள்ளை வேண்டி அப்படிப் பார்த்தபோது சம்பந்தர் பதிகம் வந்தது, பிள்ளையும் பிறந்தது என்பார்கள். அகஸ்டினே 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் பவுலின் நிருபங்களைத் திறந்து கண்ணில் பட்டதைப் படித்துத்தான் மனம் திரும்பினார். ஆனால் பின்னாளில் பிஷப்பாக எழுதிய ஒரு கடிதத்தில், சுவிசேஷப் பக்கங்களில் குறி பார்ப்பது பேய்களிடம் போவதைவிட மேல் என்றாலும், உலக காரியங்களுக்காக இப்படிச் செய்வது தமக்கு உவப்பில்லை என்கிறார். சலுகையும் சங்கடமும் கலந்த இந்தக் குரல் எனக்கு நெருக்கமானது.

சங்கடம் எங்கே வருகிறதென்றால், எரேமியா 29:11. அட்டைகளில் இதற்கு இணையான செல்வாக்குள்ள வசனம் வேறு அதிகமில்லை. உங்களைக் குறித்து எனக்குள்ளவை சமாதானத்துக்கான நினைவுகள், தீங்குக்கானவை அல்ல என்று கடவுள் சொல்லும் இடம். என் அக்காவுக்கு ஒரு வருஷம் இது வந்தது. அவள் மகனுக்கு அப்போது ஒன்பது வயது, ரத்தப் புற்று. ஆகஸ்டில் பையன் இறந்தான். துக்கம் கேட்க வந்த குருவானவர் ஒருவர், விசுவாசத்தில் எங்கோ ஓட்டை இருந்திருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். “அட்டை பொய்யா தம்பி, நான் பொய்யா?” என்று அக்கா கேட்டாள்.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து பிடுங்கப்பட்டது. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் சிறைபிடித்துப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைகொண்ட பட்டணத்துக்காகவே ஜெபியுங்கள் என்கிறது அது. சீக்கிரம் திரும்ப மாட்டீர்கள் என்பதே இதன் பொருள். பதினோராம் வசனத்துக்கு முந்திய வசனம் கணக்கையும் சொல்லிவிடுகிறது: எழுபது வருஷம்.

இதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று தேவாலயத்தில் ஜனங்கள் முன்னால் அறிவித்து, எரேமியாவின் கழுத்து நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். எரேமியா முதலில் ‘ஆமென், அப்படியே ஆகட்டும்’ என்ற பாவனையில்தான் பதில் சொல்கிறார். அவருக்கும் ஆசைதான். பிறகு திரும்பி வந்து, மர நுகம் போய் இரும்பு நுகம் வரும் என்கிறார். இந்தச் சண்டையின் தொடர்ச்சியாகத்தான் கடிதத்தைப் படிக்க வேண்டும். அதிலிருந்து ஒரு வசனத்தை மட்டும் கத்தரித்து வருஷ முடிவுக்குள் பலிக்கும் வாக்காகக் கொடுக்கும்போது, எரேமியாவின் வார்த்தைகளைக் கொண்டு அனனியா பேசுகிறான்.

மொழிபெயர்ப்பும் இதற்குக் கொஞ்சம் உதவியிருக்கிறது. வசனத்தின் கடைசிப் பகுதியைப் பழைய தமிழ் வேதம், எதிர்பார்த்திருக்கிற முடிவைத் தருவது என்ற பொருளில் தருகிறது. 1611ஆம் வருஷத்து ஆங்கில வேதத்தின் போக்கும் அதுவே. எபிரேயத்தில் இருப்பவை இரண்டு பெயர்ச்சொற்கள்: அஹரித், திக்வா. முன்னது பின்னால் வருவது, பின்னது நம்பிக்கை. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு எதிர்காலம், நம்பிக்கை என்று இரண்டாகவே பிரித்தது. அஹரித் என்பதன் வேரில், நம்முடைய ‘பின்’ போலவே, முதுகுப்புறம் என்ற அர்த்தமும் காலத்தால் பிந்தியது என்ற அர்த்தமும் சேர்ந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து வருவது. நான் எதிர்பார்ப்பதுதான் வரும் என்ற உத்தரவாதம் அந்தச் சொல்லில் இல்லை.

இன்னொன்று, ‘உங்கள்’. மூலத்தில் இது பன்மை. தமிழிலும் பன்மைதான், ஆனால் நமக்கு மரியாதையும் பன்மையில் வருவதால், தனியாளுக்குச் சொன்னதாக ஒலித்துவிடுகிறது. பழைய தமிழ் வேதத்தில் கடவுள் ஒருவரோடு பேசும்போது ‘நீ’ என்றுதான் பேசுகிறார், அரசனானாலும். ‘நீங்கள்’ என்றால் கூட்டம். அட்டை எடுத்த கை ஒன்று. வசனம் பேசுவதோ ஒரு ஜனத்தோடு, அதில் இன்னும் பிறக்காதவர்களும் சேர்த்தி.

அப்படியானால் இது கி.மு. ஆறாம் நூற்றாண்டு விவகாரம், நமக்கென்ன என்று பண்டிதர்கள் மூடி வைத்துவிடலாம். கிறிஸ்தவனுக்கு அது கட்டுப்படியாகாது. வேதம் தன்னோடு பேசுகிறது என்ற நம்பிக்கையில்தான் அவன் அதைத் திறக்கிறான். என் பார்வை இதுதான்: கடிதம் யாருக்கு வந்ததோ அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தபிறகே அது நமக்கும் வருகிறது. பாபிலோனில் தோட்டம் போடச் சொல்லப்பட்டவனின் எரிச்சலைக் கொஞ்சமாவது பங்கு போட்டுக்கொள்ளாமல் அவனுக்குத் தரப்பட்ட ஆறுதலை மட்டும் வாங்கிக்கொள்ள முடியாது. (நம்மில் கவிதையிலிருந்து ஒரு வரியை உருவி அதைக் கொண்டே கவிஞனுக்குத் தீர்ப்பெழுதுபவர்களும் இதே தட்டில் கை விடுகிறவர்கள்தாம்.)

இந்த அதிகாரங்களை அக்காவோடு உட்கார்ந்து படித்தேன். எழுபது என்ற இடத்தில் நிறுத்தி, “அப்படின்னா கடுதாசியக் கேட்டவங்கள்ல முக்காவாசிப் பேரு ஊர் திரும்பிருக்க மாட்டாங்கள்லா?” என்றாள். ஆமாம் என்றேன். “அவங்களுக்கும் விசுவாசம் இல்லன்னு யாரும் சொல்லலைல்லா?” வியாக்கியான நூல் எதிலும் இந்தக் கேள்வி எனக்கு இப்படிக் கிடைத்ததில்லை.

இப்போது அவள் புலம்பல் படிக்கிறாள். ஐந்து அதிகாரங்களில் நான்கு எபிரேய அகரவரிசையில் அடுக்கப்பட்டவை. ஐந்தாவதில் எழுத்துக்களின் எண்ணிக்கையான 22 வசனங்கள் உண்டு, வரிசை மட்டும் குலைந்துவிட்டது. கடைசி வசனம், எங்களை முற்றாகத் தள்ளிவிட்டீரோ என்ற சந்தேகத்தில் போய் நிற்கிறது. ஜெப ஆலயத்தில் வாசிக்கும்போது யூதர்கள் அதோடு முடிப்பதில்லை. அதற்கு முந்திய வசனத்தை மறுபடி சொல்லித்தான் முடிப்பார்கள். இதை அக்காவிடம் சொன்னேன். அவள் கடைசி வசனம் வரை வாசித்து, அங்கேயே மூடி வைக்கிறாள். அந்த அட்டை இன்னமும் அவள் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது.