குர்லாவில் கண்டதும் கேட்டதும்

தமிழகத்திலிருந்து ரயிலேறி வரும் நம்மவருள் பலர் மும்பையில் முதன்முதலாகக் காலடி வைக்கும் இடம் குர்லாவே. கோயம்புத்தூர் விரைவு வண்டி வந்து நிற்கும் லோகமான்ய திலக் முனையம் இங்குதான் இருக்கிறது. அதனைக் 'குர்லா டெர்மினஸ்' என்றே இன்றும் வழங்குகிறோம். ஆயினும் வந்திறங்கியவர் மூட்டை முடிச்சுகளுடன் தாராவிக்கோ, மாதுங்காவுக்கோ, செம்பூருக்கோ விரைந்து விடுகின்றனரேயன்றி, குர்லாவை நின்று பார்ப்பவர் சிலரே. அக்குறையைப் போக்கிக்கொள்ளும் வாய்ப்புச் சென்ற மார்கழியில் எங்களுக்குக் கிட்டியது.

குர்லா கிழக்கில், நேரு நகரில், நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் வாடகைக்குக் குடியிருக்கிறார். அவரிடமிருந்து செய்தி வந்தது. "ஞாயிறு பத்து மணிக்கு எங்கள் கட்டடத்தில் கூட்டம். குளியலறைக் காஸ் கீஸர்களை எல்லாம் எடுத்துவிட வேண்டுமென்று பேசப் போகிறார்கள். எங்களுக்கு எப்பக்கம் சாய்வதென்றே புரியவில்லை. நாலு பேர் வந்திருந்தால் தெம்பாக இருக்கும்" என்றார். அவ்வாறே நால்வர் புறப்பட்டோம். பொழுது இருந்தமையால், காலை ஏழு மணிக்கே குர்லா நிலையத்தில் இறங்கி, ஊரைச் சுற்றிப் பார்த்தோம்.

மித்தி ஆற்றின் சதுப்பில் மலிந்திருந்த 'குர்லி' என்னும் நண்டினால் இவ்வூர் பெயர் பெற்றது என்பர். இன்று நண்டைக் காணோம். ஆறும் சாக்கடையாக ஓடுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, இந்த மித்தி பொங்கிக் குர்லாவை மூழ்கடித்ததை நம்மில் யார் மறப்பர்? வானம் மாறுகிறது, அதற்கு மனிதன் மூட்டும் நெருப்பும் ஒரு காரணம் என்று அறிஞர் கூறும்போது, குர்லாவாசிகள் அதனை வெறும் ஏட்டுச் செய்தியாகக் கொள்வதில்லை.

நெருப்பை மாற்றுவது குர்லாவுக்குப் புதிதன்று. 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணாவுக்குச் சென்ற இந்தியாவின் முதல் பயணிகள் ரயில், கரிப்புகை கக்கியவாறு இவ்வூர் வழியேதான் சென்றது. 1886ஆம் ஆண்டில் ஜாம்ஷெட்ஜி டாட்டா இங்கிருந்த தரம்சி ஆலையை வாங்கிச் 'சுதேசி ஆலை' எனப் பெயரிட்டார். பின்னர் 1925 பிப்ரவரி 3 அன்று, நம் நாட்டின் முதல் மின்சார ரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து துறைமுகப் பாதையில் புறப்பட்டு வந்து சேர்ந்த ஊர் எது? இதே குர்லாதான்! புகைவண்டிக்குப் புகையே இல்லாமற் போனதை முதலிற் கண்டவர்களுள் இவ்வூரார் அடங்குவர்.

நிலையத்தின் மேற்குப் பக்கம் கடைத்தெரு. அங்கே ஒரு ரொட்டிக் கடையின் பின்புறம் எட்டிப் பார்த்தோம். பாவ் ரொட்டி சுடும் பட்டி அடுப்பு. அதன் வாயருகே கால் ஒடிந்த நாற்காலிகளும், பெயின்ட் உரியாத பழங்கதவுத் துண்டுகளும் குவிந்து கிடந்தன. "இன்னும் விறகுதானா?" என்று கேட்டோம். கடைக்காரர் பெருமூச்சு விட்டார். விறகும் கரியும் எரிக்கும் ரொட்டிக் கடைகளும் உணவு விடுதிகளும் ஆறு மாதத்திற்குள் காஸுக்கோ வேறு தூய எரிபொருளுக்கோ மாறவேண்டும் என்று 2025 ஜனவரி 9 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஆணையிட்டதை அன்பர்கள் அறிவர். "மாறத்தான் வேண்டும். எனக்கே இருமல் நிற்பதில்லை. ஆனால் புது அடுப்புக்குப் பணம் யார் தருவார்? பாவின் விலையை ஏற்றினால் யார் வாங்குவார்?" என்றார் அவர். இவ்விரு கேள்விகளையும் மனத்திற் கொண்டே நேரு நகர் சேர்ந்தோம்.

உறுப்பினர் வீட்டில் காப்பி தந்து உபசரித்தவர், அவருடைய அன்னையார். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மும்பை வந்தவர். எல்லோருக்கும் அவர் ஆச்சி. அவர்தாம் நடந்ததைக் கூறினார். மூன்று வாரங்களுக்கு முன், கல்லூரியிற் படிக்கும் பேத்தி குளிக்கச் சென்றாள். குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூப்பிட்டதற்கு மறுமொழி இல்லை. தாழ்ப்பாளை உடைத்துப் பார்த்தால் பெண் தரையில் மயங்கிக் கிடக்கிறாள். கொசு வராதிருக்கச் சன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தனர். காஸ் கீஸரோ குளியலறைக்குள்ளேயே மாட்டப்பட்டிருந்தது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதால் பிழைத்தாள்.

இங்கே அன்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காஸ் கசிந்தால் நாற்றத்தால் அறியலாம். அதற்கென்றே அதில் நாற்றப் பொருள் கலக்கின்றனர். ஆனால் காற்றோட்டமில்லாத அறையில் சுடர் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது இரத்தத்திற் கலந்து, பிராணவாயுவுக்கு இடமில்லாமற் செய்துவிடுகிறது. தலைசுற்றல் தோன்றுமுன்பே கால்கள் துவண்டுவிடக்கூடும். ஆதலின் காஸ் கீஸர் குளியலறைக்குள் இருத்தல் ஆகாது.

நிற்க. பத்து மணிக்குக் கட்டடத்தின் மொட்டை மாடியில் கூட்டம் கூடியது. நான்கு தளம், 24 குடித்தனம். மராத்தியர், கொங்கணியர், வடநாட்டார், நம்மவர் என எல்லோரும் இருந்தனர். "கீஸரை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றினால் போதும்" என்றார் ஒருவர். "எல்லோரும் மின்சாரத்துக்கு மாறுவோம்" என்றார் மற்றொருவர். வீட்டுக்கு 2 கிலோவாட் என்றாலும், காலை ஆறரை மணிக்கு எல்லோரும் விசையைப் போட்டால் 48 கிலோவாட். இப்பழைய கம்பிகள் தாங்குமா என்று மின்பணி தெரிந்த இளைஞர் வினவினார். "சூரியத் தகடு வைப்போம்" என்றார் செயலாளர். 100 லிட்டர் வெந்நீருக்குச் சுமார் 2 சதுர மீட்டர் தகடு வேண்டும். மாடியில் இடம் உண்டு. ஆனால் நான்கு மாத மழைக்காலத்தில் சூரியனை எங்கே தேடுவது? கீழ்த்தளத்தார்க்கு வெந்நீர் வந்து சேருமுன் ஒரு வாளித் தண்ணீர் வீணாகுமே என்றும் முறையிட்டனர்.

எங்கள் கருத்தைக் கேட்டபோது, நாங்கள் ஒரு சிறு கணக்கைச் சொன்னோம். 20 லிட்டர் வாளி நீரை 25 பாகையிலிருந்து 45 பாகைக்குச் சூடேற்ற ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் செலவாகும். அம்மின்சாரம் கரியால் ஆனதெனில், கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கே கம்பிக்கு வருகிறது. ஆகவே கரி மின்சாரத்தில் வெந்நீர் போடுதல், காஸில் போடுவதைக் காட்டிலும் அதிகப் புகையை உண்டாக்கும். 'ஹீட் பம்ப்' என்னும் கருவி, குளிர்பெட்டியின் வேலையைத் திருப்பிச் செய்வது. காற்றிலுள்ள வெப்பத்தை நீருக்கு ஏற்றுவதால், அதே வெந்நீரை மூன்றிலொரு பங்கு மின்சாரத்தில் தரவல்லது. விலைதான் அதிகம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி, "அந்தக் கரியை எங்கே எரிக்கிறாங்க?" என்றார். டிராம்பேயில் என்றோம். ஆச்சியின் முகம் மாறியது. அவருடைய இளைய மகன் தான்சா குடிநீர்க் குழாயோரக் குடிசையிலிருந்து அகற்றப்பட்டு, மாஹுலில் குடியமர்த்தப்பட்டவன். டிராம்பே அனல்மின் நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் சூழ்ந்த இடம் அது. அங்குள்ள காற்றைக் குறித்து மக்கள் வழக்காடியதும், 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு வேறு வீடோ வாடகைப் பணமோ தருமாறு மாநகராட்சிக்கு ஆணையிட்டதும் யாவரும் அறிந்ததே. "ஊர்ல உடைமுள்ளை எரிச்சு வெந்நீர் வச்சேன். புகை என் கண்ணோட போச்சு. இப்ப நான் குளிக்க, என் மவன் இருமணுமா?" என்றார். மராத்தியில் அதனைப் பெயர்த்துச் சொன்னபோது, சற்று நேரம் எவரும் பேசவில்லை.

அப்போதுதான் நம் உறுப்பினர் எழுந்தார். வாடகைக்கு இருப்போர்க்குச் சங்கக் கூட்டத்தில் வாக்கில்லை. பேச அனுமதி கேட்டுப் பேசினார். "கீஸரை எடுங்கள். என் மகள் பிழைத்ததே போதும். ஆனால் தகடு வைத்தபின் வாடகை ஏறினால் நாங்கள் எங்கே போவோம்? அதையும் இன்றே எழுதுங்கள்" என்றார். குரல் நடுங்கிற்று, எனினும் சொல்லி முடித்தார்.

இது குர்லாவில் மட்டும் எழும் கேள்வியன்று. நம் மக்கள் பலர் குடியேறியுள்ள பிரிட்டனில், காஸ் பாய்லரை எடுத்து ஹீட் பம்ப் வைப்போர்க்கு 2023 அக்டோபரில் உதவித்தொகையை 7,500 பவுனாக உயர்த்தினர். ஜெர்மனியில் 2023ஆம் ஆண்டு வீட்டுச் சூடேற்றச் சட்டம் நிறைவேறியபோது, அரசே ஆட்டங்காணும் அளவுக்கு வாதம் மூண்டது. அங்கே குளிருக்கு வீட்டையே சூடாக்க வேண்டும். இங்கே ஒரு வாளி வெந்நீர். அளவுதான் வேறு. புகை எங்கே போகிறது, பணம் யார் தருவது என்னும் இரு கேள்விகளும் ஒன்றே.

கூட்டத்தின் முடிவுகள் வருமாறு. ஒரு மாதத்திற்குள் எல்லாக் கீஸர்களும் குளியலறையை விட்டு வெளியேற வேண்டும். இயலாதார்க்குப் பொதுநிதி உதவும். மின் உதவியுடன் கூடிய சூரியத் தகட்டுக்கும், பொது ஹீட் பம்புக்கும் விலை விசாரிக்கப்படும். நண்பகல் வெயிலில் ஆகும் சூட்டை மறுநாள் காலை வரை காக்கும் தொட்டியே இரண்டிற்கும் அடிப்படை என்பதை யாவரும் ஏற்றனர். வாடகை பற்றிய கோரிக்கை குறிப்பேட்டில் எழுதப்பட்டது. முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. முழு வெற்றியன்று, ஆனால் வாக்கில்லாதவர் சொல்லும் ஏட்டில் ஏறியது.

விடைபெறும்போது ஆச்சி எங்களுக்கு வெந்நீர் கலந்த சுக்குக் காப்பி தந்தார். சன்னலில் அட்டையில்லை, வலை அடித்திருந்தனர். அன்பர்களே, இவ்விதழைப் படித்து முடித்ததும் தம் வீட்டுக் குளியலறைச் சன்னலை ஒருமுறை சென்று பாருங்கள். அடைத்திருந்தால் இன்றே திறவுங்கள். பின்னர் தம் கட்டடத்துக் கூட்டத்துக்குத் தவறாது செல்லுங்கள்.